இருநூறுதான் என்று சொல்லிவிட்டேன்

12 ஆகஸ்ட் 2024, திங்கள்

சென்ற மாதம் தாராவியில் வழியை மறித்து மூட்டை அடுக்கியதாக அண்ணன்மேல் வழக்கு. வக்கீல் ஆபீஸில் இருபது வருடம் டைப் செய்த தைரியத்தில், "ஒத்துக்கோண்ணே, அதிகபட்ச அபராதமே இருநூறுதான்" என்று நேற்றுச் சொன்னேன்.

இன்று மாலைதான், பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தைப் பிரித்துப் பார்த்தேன். ஜூலையிலிருந்து ஐயாயிரம் வரை போடலாம். வெள்ளைக்காரன் வைத்த தொகை அசையாது என்றே இருந்துவிட்டேன்.

அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"ஏட்டி, படிச்ச புள்ள சொல்லுதான்னு இதே கேஸ்ல மாட்டுன இன்னும் அஞ்சு கடைக்காரங்க நாளைக்குக் கோர்ட்ல ஒத்துக்கிடப் போறாவளே. நீயே எல்லார்ட்டயும் சொல்லிரு."

நான்கு பேரிடம் சொல்லிவிட்டேன். இரண்டு பேர் திட்டினார்கள். மீன் விற்கும் செல்வி அக்கா மட்டும் போனை எடுக்கவில்லை. கட்ட முடியாவிட்டால் அவளை ஜெயிலில் போட்டுவிட்டால்...

விடிந்ததும் அவள் வாசலில் போய் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் இருநூறு ரூபாயை முந்தானையில் முடிந்துகொண்டு கோர்ட்டுக்குக் கிளம்பிவிடுவாள்.