கால்வாய்ப் பாதையின் வளைவு

மார்ச் 4, செவ்வாய்
கண்ணாடிக் கடையில் இன்று கூட்டம். லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தபோது ஓவிய டீச்சர் வந்தார். “கால்வாய்ப் பாதைச் சுவர் பூரா தெருக்காரங்களே சேர்ந்து வரையப்போறோம். அந்த வளைவுல உங்க தம்பி முகம் இருக்கட்டும்னு எல்லாரும் ஆசப்படறாங்க.”
அந்த வளைவு. பாதை சாலையைத் தொடும் இடம். டிசம்பரில் சைக்கிளில் வேகமாகத் திரும்பிய தம்பி வேன் மோதிச் செத்தது அங்கேதான்.
தலையாட்டினேன். போட்டோவும் கொடுத்துவிட்டேன். அம்மாவிடம் நாளை சொல்ல வேண்டும்.

மார்ச் 5
சொல்லவில்லை.

மார்ச் 16, ஞாயிறு
இருபது பேர் வந்திருந்தார்கள். தபால்காரர் ஏணி பிடித்தார். தம்பியின் சட்டைக்கு நான்தான் நீலம் அடித்தேன். நிமிர்ந்து பார்த்தால் — தெத்துப்பல்லைக் காணோம். பல்லெல்லாம் வரிசையாக இருந்தது.
“கொஞ்சம் அழகா இருக்கட்டுமேன்னு...” என்றார் டீச்சர்.
ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தேன்? எனக்கும் அது அழகாகத் தெரிந்ததா?

மார்ச் 23, ஞாயிறு
மளிகைக்கடையில் யாரோ அம்மாவிடம் சொல்லிவிட்டார்கள்: “உங்க பையன் சுவத்துல சிரிக்கிறான், பாக்கலையா?”
அம்மா நேராகச் சுவருக்குப் போனாள். பின்னாலேயே ஓடினேன். அம்மா அந்தப் பற்களை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.
“யாருடி இது?”
“அம்மா, நம்ம—”
“என் புள்ளைக்குத் தெத்துப்பல்லு. அதோடதான் வளத்தேன். அதோடதான் அனுப்பி வச்சேன்.” பிறகு, “யாரக் கேட்டு போட்டோவக் குடுத்த?”
பாவி நான்.

மார்ச் 29
ஆறு நாளாக என்னிடம் பேச்சில்லை. சமைத்து, எனக்கு மூடி வைத்துவிட்டுப் படுத்துக்கொள்கிறாள்.

ஏப்ரல் 3, வியாழன்
தெருக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் அழுதுவிட்டேன். அழிச்சிடுங்க என்றேன். சிலருக்குக் கோபம். “ஊரே கூடி வரைஞ்சத ஒரு ஆளுக்காக அழிக்கணுமா?”
“பெத்தவள விடவா ஊரு பெருசு?” என்றார் டீச்சர். ஞாயிற்றுக்கிழமை வெள்ளை அடிப்பது என்று முடிவானது.

ஏப்ரல் 6, ஞாயிறு
வெள்ளை அடித்தோம். தம்பியின் கண்ணை மறைக்கும் முறை வந்தபோது என்னால் முடியவில்லை. தபால்காரர் பிரஷை வாங்கிக்கொண்டார்.
அம்மா வந்து நின்றாள். டீச்சர் கையெடுத்துக் கும்பிட்டார். “மன்னிச்சுக்கங்கம்மா. இங்க என்ன வரையட்டும், நீங்களே சொல்லுங்க.”
அம்மா சுவரைப் பார்க்கவே இல்லை. சாலையைப் பார்த்தாள்.
“சுவத்துல ஒண்ணும் வேண்டாம். தரையில போடுங்க. வளைவுக்கு ரொம்ப முன்னாடியே. வர்றவன் அதப் பாத்ததும் பிரேக்கு புடிக்கணும்.”

ஏப்ரல் 13, ஞாயிறு
மஞ்சளும் சிவப்புமாகப் பட்டைகள். வளைவை நெருங்க நெருங்க இடைவெளி குறைந்துகொண்டே வரும்; வருகிறவனுக்கு வேகம் கூடுவதுபோல் தெரியும். அம்மா குத்துக்காலிட்டு நாள் முழுக்க அடித்தாள். நான் பெயிண்ட் கலக்கினேன். கையை நீட்டினால் பிரஷ் கொடுத்தேன். அவ்வளவுதான்.

ஏப்ரல் 27, ஞாயிறு
சாயங்காலமானால் அம்மா ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வளைவுக்குப் போய்விடுகிறாள். இன்று நானும் போனேன். பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.
“இன்னிக்கு நாப்பத்தோரு பேரு. எல்லாருமே மெதுவாத்தான் போனாங்க” என்றாள்.
என்னிடம்தான். ஐந்து வாரத்துக்குப் பிறகு.
இந்தப் பட்டைகள் டிசம்பரிலேயே இருந்திருந்தால்— தொண்டை வரை வந்தது. அவளுக்கும் வந்திருக்கும். இரண்டு பேருமே சொல்லவில்லை.
ஒரு பெண் சைக்கிளில் வேகமாக வந்தாள். பட்டைகளைப் பார்த்ததும் பிரேக் கிரீச்சிட்டது. காலை ஊன்றி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுப் போனாள்.
“நாப்பத்திரெண்டு” என்றாள் அம்மா.