நடுவில் நின்ற மிங்

மாசி, செவ்வாய். சைகோன்.

பக்கத்தில் தூ டுக் என்ற ஊரின் காட்டில் பிடித்த தீயை அணைத்த மூன்று பேரை இன்று காலை படம் எடுத்தேன். நகர மண்டபத்தில் மாட்டப் போகிறார்களாம். காரைக்கால் சுலைமான் நானா, அவரோடு வேலை செய்யும் இந்த நாட்டுக்காரர்களான இரண்டு அன்னாமியர்கள்.

அவர்களில் இளையவனான மிங் நடுவில் நிற்க மறுத்தான். மூவராகப் படம் எடுத்தால் நடுவில் நிற்பவன் சீக்கிரம் செத்துவிடுவான் என்பது இவர்கள் நம்பிக்கை.

"அவன்கிட்டக் கேளுங்க நானா, நெருப்புக்குள்ள போனவனுக்கு என் படப்பெட்டியைக் கண்டா பயமா?"

நானா தயங்கித்தான் மொழிபெயர்த்தார். மிங் வந்து நடுவில் நின்றான்.

மாலையில் நானா ஓடிவந்தார். "தம்பி, மிங் மூச்சு முட்டி விழுந்துட்டான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருக்காங்க."

காட்டுப் புகைதான் காரணம். அது எனக்குத் தெரியும். ஆனாலும் நேரே இருட்டறைக்குப் போய்த் தகட்டைக் கழுவினேன். அதில் ஒன்றுமே இல்லை. காலையில் தகட்டின் மேல் வெளிச்சம் படாமல் மறைக்கும் மூடியை இழுக்காமலே படம் எடுத்திருக்கிறேன். வெட்கப்பட வேண்டியவன், சுவரில் சாய்ந்து நிம்மதிப் பெருமூச்சு விட்டேன்.

ஆஸ்பத்திரியில் மிங் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். படம் விழவில்லை என்றேன். அவன் சொன்னதைக் கேட்டு நானாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"அடுத்த தடவை நடுவுல உன்னை நிக்கச் சொல்றான், தம்பி."

பம்பு வண்டி ஓட்டியவரும் தீயோடு போராடியவர்தான். அவரையும் சேர்த்து நால்வராக நிறுத்தப் போகிறேன். யாராவது காரணம் கேட்டால், படம் அப்படித்தான் நிறைவாக இருக்கும் என்று சொல்லிக்கொள்ளலாம்.