நடத்துநர் அக்காவின் மதியச் சாப்பாடு

மார்ச் 3
இன்றும் ஊரார் தட்டுகள்தான். ஆய்வில் சேர்ந்தவர்கள் சாப்பிடுவதையெல்லாம் செல்பேசிச் செயலியில் படம் எடுத்து அனுப்புகிறார்கள். என்ன, எவ்வளவு என்று நான் பதிகிறேன். அம்மாவிடம் விளக்கினேன். "பட்டம் வாங்கினது அடுத்தவங்க தட்டை எட்டிப் பார்க்கவாடி?" என்று சிரித்தாள். எங்கள் வீட்டின் முதல் பட்டம்.

மார்ச் 6
பேருந்து நடத்துநர் அக்கா ஒருவரின் படங்கள் உறுத்துகின்றன. காலையில் டீ, பிஸ்கட். இரவில் அரைத் தட்டு சோறு. நடுவில் ஒன்றுமே இல்லை. நாள் முழுக்க நின்றே பார்க்கும் வேலை. ஆய்வில் சேர வந்த அன்று பார்த்தேன், ஒல்லி உடம்பு வேறு.

மார்ச் 7
பக்கத்து மேசைக்காரனிடம் காட்டினேன். "உன் வேலை எண்ணுறது. ஊட்டி விடுறது இல்ல" என்றான். சாப்பாட்டைப் பற்றி அவர்களிடம் கேட்கக் கூடாது; கேட்டால் நமக்காகச் சாப்பிடத் தொடங்கிவிடுவார்கள், கணக்கு பொய்யாகிவிடும் என்பது இங்கே விதி. சரிதான். ஆனால் அவர் ஓடும் வண்டியில் மயங்கி விழுந்தால்?

மார்ச் 9
ஆய்வை நடத்தும் மேடத்திடம் சொல்லலாமென்று அவர் அறை வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன்.

மார்ச் 10
சொல்லிவிட்டேன்! குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. மேடம் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். "இதை ஏன் இத்தனை நாளா மனசுல வச்சிருந்தே? போன் பண்ணு. இப்பவே."

யோசித்து வைத்த கேள்வியெல்லாம் பறந்தது. "சாப்பிடுறீங்களாக்கா?" என்றுதான் வாயில் வந்தது.

"ஐயோ தங்கச்சி, மதியம் ஒரு கட்டு கட்டுறதால ராத்திரி பசியே இல்ல! ஓய்வறையில டிரைவருங்க நடுவுல சோத்தைப் படம் புடிச்சா, கல்யாண ஆல்பமான்னு ஓட்டுவாங்க. கூச்சமா இருக்கு, அதான் வீட்டுல மட்டும்."

கூச்சம்! பட்டினி இல்லை, வெறும் கூச்சம். எனக்கு நன்றாகத் தெரிந்த வியாதி. போனை வைத்த பிறகுதான் மூச்சே வந்தது.

"இன்னும் எத்தனை பேர் இப்படியோ?" என்றார் மேடம்.

"படம் எடுக்க முடியாதவங்க, சாப்பிட்டதும் பேசி அனுப்பட்டுமே மேடம்" — சொன்னது நானா?

மார்ச் 12
குரல்பதிவுக்கு மேடம் சரி சொல்லிவிட்டார். எல்லோருக்கும் அறிவிப்பை அனுப்பியது பக்கத்து மேசைக்காரன். அதுவே பெரிசு.

மார்ச் 17
அக்காவின் முதல் குரல்பதிவு. ஒதுங்கிப் போய்ப் பேசுங்கள் என்றிருந்தேன். பின்னால் ஓய்வறையே இரைகிறது. "சோறு ரெண்டு கரண்டி, பருப்பு, ஒரு முட்டை..."

ஒரு ஆண் குரல்: "என் டப்பாவுல எடுத்த மீனை யாரு சொல்றது?"

"சும்மா இருங்கண்ணா!" ஒரே சிரிப்பு. பிறகு அக்கா, "சரி, மீனும் ஒண்ணு, எழுதிக்கோ தங்கச்சி. பெரிய துண்டுதான்."

எழுதிக்கொண்டேன்.