சன்னலுக்குக் கீழே ஒரு சாண்

மச்சான்,

என் வலது கைக் கட்டைவிரல் நகத்துக்குள் காவி ஒட்டியிருக்கிறது. மூன்று நாளாகிறது. குளித்தும் போகவில்லை. நானும் தேய்த்துக் கழுவவில்லை. நம்முடைய பழைய நூல் குடோன் சுவரில் சுரண்டிய காவி அது. சொல்வது நான், எழுதுவது என் மகள். எனக்கு இந்த வயசிலும் எழுத்து வரவில்லை. உனக்கு வரும். அதனால்தான் இந்தக் கதையே நடந்தது.

செட்டியார்பட்டி போகிற பாதையில் பூட்டிக் கிடந்த அந்தக் குடோனை ஏதோ பார்சல் கம்பெனிக்காரர்கள் வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். சுவரைச் சுரண்டிப் பெயிண்ட் அடிக்கிற வேலை என் மருமகனுக்கு வந்தது. வீட்டில் சும்மாதானே இருக்கிறேன் என்று அவனுக்குச் சோற்று வாளியைத் தூக்கிக்கொண்டு போனேன். நீ போய்ச் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. உன் காரியத்தன்று பந்தியில் தண்ணீர் ஊற்றியவன் நான். ஊற்றும்போதே அழுதேன்.

உள்ளே நுழைந்ததும் ஈரச் சுண்ணாம்பு வாசனை. எனக்கு மனசு இருபத்தெட்டு வருசம் பின்னால் போய்விட்டது.

பேண்டேஜ் துணி நெய்கிற இருபது தறி. நீ ஆபீசில், நான் குடோனில். மூட்டை தூக்க வந்த என் கையில் முதலாளி சாவியைக் கொடுத்தார் என்றால், எந்த மூட்டை எந்த லோடில் வந்தது, எது நனைந்தது, எதை எலி கடித்தது என்று கேட்டவுடன் சொல்வேன் என்பதற்காகத்தான். "இவன் தலையே ஒரு நோட்டு" என்பார்.

நமக்கு வேண்டிய பருமனில் நூல் கோயம்புத்தூர்ப் பக்கத்து மில்லில் இருந்து வர வேண்டும். பாதி லோடு ஏற்றினாலும் லாரி வாடகை ஒன்றுதான். அதனால் முழு லோடாக எடுப்போம். அதற்காக இரண்டு லோடாக எடுத்து அடுக்கினால் முதலாளியின் பணம் குடோனில் முடங்கும், நூலும் நமுத்துப்போகும். நீதான் அதை எனக்குப் புரியும்படி சொன்னாய். "மூட்டை கெடந்தா வட்டி திங்கும், இல்லேன்னா தறி நின்னுரும். ரெண்டுக்கும் நடுவுல நாம ஒரு கோடு போடணும் மாப்ள."

போட்டோம். தறிகள் ஒரு அடுக்கு மூட்டையை மூன்று நாளில் தின்னும். சொல்லியனுப்பினால் லாரி வர ஆறு நாள். அப்படியானால் இரண்டு அடுக்கு போதும் என்றாய் நீ. நான்தான் மூன்று அடுக்கு என்று நின்றேன். மழை பெய்யும், லாரி மக்கர் பண்ணும், மில்லில் லீவு விடுவான். அதற்கெல்லாம் ஒரு அடுக்கு கிடக்கட்டும் என்றேன். "சரிலே, நீ சொல்றதும் சரிதான்" என்று காவியைக் கரைத்தாய். சன்னல் திண்டுக்குக் கீழே என் கையால் ஒரு சாண் அளந்து, மூன்றாவது அடுக்கின் தலைமட்டத்தில் கோடு போட்டோம். சரக்கு கோட்டுக்கு இறங்கினால் நான் வந்து சொல்ல வேண்டும், நீ போன் போட வேண்டும். வருசா வருசம் பொங்கலுக்கு வெள்ளையடித்ததும் அதே இடத்தில் புதுக்கோடு. ஏழு வருசம் ஒரு தறி நூலில்லாமல் நின்றதில்லை.

எட்டாவது வருசம் பொங்கலுக்கு முன்னால் என் அம்மா இறந்துபோனாள். பதினாறு நாள் கழித்து நான் வேலைக்கு வந்தபோது வெள்ளையடித்து முடிந்திருந்தது. கோடு நீ போட்டிருந்தாய்.

"மச்சான், கோடு எறங்கின மாதிரி இருக்கே."

"எங்கலே எறங்குச்சு? புதுச் சுண்ணாம்பு, கண்ணு கூசுது ஒனக்கு."

கையை வைத்துப் பார்த்தேன். சன்னலுக்குக் கீழே இரண்டு சாண். "ஒரு சாண்லா? மூணு அடுக்குலா?" என்றேன். நீ கோபப்படவில்லை. உள்ளே போய் நோட்டை எடுத்து வந்து விரித்து, ஒரு வரியில் விரலை வைத்தாய். "ரெண்டு அடுக்குன்னு அன்னைக்கே எழுதிருக்கேன், பாரு. ஆத்தா போன துக்கத்துல தலை கலங்கிப் போய்க் கெடக்கு ஒனக்கு. கொஞ்ச நாள்ல சரியாயிரும்."

பார்த்தேன். எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. அதில் என்ன இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? காகிதமே சொல்லும்போது என் தலை என்ன பெரிய தலை என்று வாயை மூடிக்கொண்டேன். ஒருவேளை அது சோப்பு வாங்கிய சிட்டையாகக்கூட இருந்திருக்கும்.

அந்தச் சித்திரையில் நீ மேனேஜர் ஆனாய். முடங்கிக் கிடந்த சரக்கைக் குறைத்துக் காட்டிய ஆள் என்று முதலாளி எல்லார் முன்னாலும் உன்னைப் புகழ்ந்தார். முதலில் கைதட்டியவன் நான்.

ஐப்பசியில் மழை கொட்டியது. சரக்கு கோட்டைத் தொட்ட அன்று காலையிலேயே ஓடி வந்து சொன்னேன். டீ குடித்துக்கொண்டிருந்தாய். "இந்தா, போட்டுருதேன்" என்றாய். லாரி வழியில் மாட்டிக்கொண்டு ஒன்பதாம் நாள் வந்தது. மூன்று நாள் இருபது தறியும் சத்தமில்லாமல் நின்றன. தீபாவளிக்கு முந்தின வாரம் அது. தறி ஓட்டுகிற பாக்கியம் குடோன் வாசலில் வந்து நின்றாள். "ஏண்ணே, சோறு திங்க மறக்குதீகளா? நூலுக்குச் சொல்ல மட்டும் எப்படி மறந்துச்சு? எம்புள்ளைகளுக்குத் துணி நீங்க எடுத்துத் தருவீகளா?" அவளுக்கு அப்படிச் சொன்னது யார் என்று நான் அப்போது கேட்கவில்லை.

முதலாளி இருவரையும் கூப்பிட்டார். நீ தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாய்: "கோடெல்லாம் சரியாத்தான் இருக்கு மொதலாளி. இவன் வந்து சொன்னதுதான் மூணு நாள் லேட்டு."

வாயைத் திறந்தேன். அன்று காலை, டீ கிளாசு, உன் நீலச் சட்டை எல்லாம் எனக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் கோடும்தானே மூன்று அடுக்கில் இருந்ததாக எனக்கு ஞாபகம் இருந்தது? அது தப்பென்றால் இதுவும் தப்பாக இருக்கலாமே. சாவியை மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன்.

பொறவு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவாக் கடையில் விறகு தூக்கினேன். நாலு வருசம் கழித்துக் கடைக்காரர் சீனி ஸ்டாக்கை என்னைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். "வேண்டாம்ணே, எனக்கு மறதி" என்றேன். கடைசிவரை விறகுதான். நீ மாதம் ஒருமுறை பஸ் ஏறி வருவாய். அடுப்புப் பக்கம் என்னோடு உட்கார்ந்து பேசுவாய். ஒருமுறை நானே அந்தப் பேச்சை எடுத்தேன். என் முதுகைத் தட்டி, "விடு மாப்ள, மறதி மனுசனுக்கு வரத்தான் செய்யும்" என்றாய். ஆறுதலாக இருந்தது. என் வீட்டுக்காரியிடம் அதைச் சொன்னேன். "இப்படி ஒரு சேக்காளி யாருக்குக் கிடைப்பாக" என்றாள் உன் தங்கச்சி. உன்னை அண்ணன் என்றுதானே கூப்பிடுவாள். தறி நின்றது என் மறதியால்தான் என்று நம்பியே அவளும் கண்ணை மூடிவிட்டாள்.

மூன்று நாளைக்கு முன் மருமகன் அந்தச் சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தான். "என்ன மாமா, சோத்து வாளியோட அப்படியே நின்னுட்டீக?" என்றான்.

சுண்ணாம்பு உதிர்ந்த இடத்தில் இரண்டு கோடுகள். கீழே இருந்தது ஒற்றைத் தீற்றல், ஒரே வருசத்துக் காவி. அதற்கு மேலே, சுண்ணாம்புக்குள் இன்னும் ஆழத்தில் இன்னொன்று. சுண்ணாம்பும் காவியும் மாறி மாறி ஏழு தடவை ஏறி, தோசைக்கல் விளிம்பு மாதிரி தடித்திருந்தது. எனக்கு முதுகு கூனிவிட்டது மச்சான், உயரம் குறைந்துவிட்டது. கை மட்டும் அப்படியே இருக்கிறது. சன்னல் திண்டில் கட்டைவிரலை ஊன்றி விரித்தேன். சுண்டுவிரல் தடித்த கோட்டில் போய் நின்றது.

முதலாளி உன்னை நெருக்கியிருப்பார், எனக்குத் தெரியும். எனக்குச் சொல்லியிருக்கலாமே. வெயில் காலத்தில் கோட்டை இறக்குவோம், ஐப்பசிக்கு ஏற்றி வைப்போம் என்று நானே வழி சொல்லியிருப்பேன். கோட்டை இறக்கியதை விட்டுவிடுகிறேன். வேலை போனதையும் விட்டுவிடுகிறேன். ஆனால் என்னிடம் இருந்தது தலை ஒன்றுதான். அதையும் நம்பாமல் என்னை இருபத்தெட்டு வருசம் நடக்க வைத்தாய். மாதாமாதம் வந்து அது ஒழுங்காகப் பழுதாகிக் கிடக்கிறதா என்று பார்த்துவிட்டும் போனாய்.

சாயங்காலம் மருமகன் பெயிண்ட் அடித்துவிட்டான். அதற்கு முன்னால் தடித்த கோட்டில் கொஞ்சம் சுரண்டிக்கொண்டேன். அதுதான் நகத்தில் இருக்கிறது.

மகள் இதுவரை எழுதியதை வாசித்துக் காட்டினாள். நான் எதைச் சொன்னாலும் "ஒருவேளை நான் மறந்திருப்பேன்" என்று முடிப்பது அவளுக்குப் பழக்கம். அதனால் அவளாகவே கேட்டாள்: "யப்பா, 'எனக்கு ஞாபகம் இருக்குற வரைக்கும்'னு கடைசில ஒரு வரி சேத்துக்கிடவா?"

வேண்டாம் என்றேன்.

கோடு சன்னலுக்குக் கீழே ஒரு சாணில்தான் இருந்தது, மச்சான். நான் அன்று காலையிலேயே வந்து சொன்னேன்.