காற்றுக் கதவு

1985

ஜூலை 15, திங்கள்

பெல்ட் அறுந்து இரண்டு தறி நின்றுவிட்டது. ஆள் வருவதற்குள் மதியம் ஆகிவிட்டது. குழம்பில் உப்பே இல்லை என்றாள் அத்தை. எனக்குத் தெரியவில்லை. எதைத் தின்றாலும் ஒரே ருசிதான் இப்போது.

பக்கத்துத் தெரு காஞ்சனா அக்கா இன்னும் துக்கம் விசாரிக்கிறாள். எட்டு மாதம் ஆன பிறகும். "நீ அழுது நான் பாக்கவே இல்லியே ரஞ்சிதம்" என்றாள். பார்த்திருந்தால் என்ன தருவாளாம்? காபி கொடுத்து அனுப்பினேன்.

ஜூலை 17, புதன்

காற்றில் தார்ப்பாய் விலகிக் காரின் மூக்கு தெரிந்தது. மறுபடி இழுத்துக் கட்டினேன்.

என் கொழுந்தன் கோதண்டபாணி துபாயிலிருந்து கொண்டுவந்த ஜப்பான் கார். ஸ்டீரிங் இடது பக்கம். அதனாலேயே ஊர் முழுக்க அதைப் பார்க்க வந்தது. அவனைவிட அவன் அண்ணன், என் வீட்டுக்காரருக்குத்தான் அதன்மேல் பைத்தியம். அவருக்குப் போன கார்த்திகையில் நெஞ்சுவலி வந்தபோது, மெட்ராசுக்குக் கொண்டுபோகச் சொன்னார் டாக்டர். தம்பிதான் ஓட்டினான். கனகம்மாசத்திரம் தாண்டி ஒரு கரும்பு வண்டிக்காக வேகத்தைக் குறைத்தான். அப்படியே நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினால் உயிர் வரும், விட்டால் போய்விடும். திருப்புவான், வரும், போய்விடும். நான் பின்சீட்டில் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒரு லாரிக்காரன் ஏற்றிக்கொண்டான். திருவள்ளூர் வருவதற்குள் முடிந்துவிட்டது.

பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "ஓட்டத் தெரியாம ஓட்டி அண்ணனைக் கொன்னுட்டியேடா" என்று அத்தை தன் சின்னப் பிள்ளையைக் கேட்டாள். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. எனக்கு எப்படித் தெரியும்? வண்டி தானாக நின்றதா, இவன் கை நடுங்கி நிறுத்திவிட்டானா? அது தெரியாமல் நான் எதற்கென்று அழுவது?

ஜூலை 21, ஞாயிறு

கோதண்டபாணி வந்தான். அண்ணன் போன அன்றிலிருந்து தறிக் கொட்டகையில்தான் படுக்கிறான், பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் சாப்பிடுகிறான். இன்றும் வாசற்படி தாண்டவில்லை.

"விசா வந்துடுச்சு அண்ணி. செப்டம்பர் பத்துக்குள்ள போகணும். இனிமே வரமாட்டேன்."

"சரி" என்றேன்.

"காரை வித்துடுங்க."

"சரி."

இன்னும் ஏதோ சொல்வேன் என்று நின்றான். நான் உள்ளே போய் மாவாட்டினேன். பாதி ஆட்டும்போதுதான் உறைத்தது. இவன் போய்விட்டால் வண்டி ஏன் நின்றதென்று எனக்கு எந்தக் காலத்திலும் தெரியப் போவதில்லை.

ஜூலை 28, ஞாயிறு

அரக்கோணத்திலிருந்து மெக்கானிக் சேட்டு வந்தார். நான்தான் சொல்லியனுப்பினேன். "ஓட்றதுக்கு இல்லீங்க. ஏன் நின்னுதுன்னு தெரியணும், அவ்வளவுதான்" என்றேன். வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

பேட்டரி மாற்றி, டாங்கைக் கழுவி, புதுப் பெட்ரோல் ஊற்றினார். வண்டியிடம் பேசிக்கொண்டேதான் வேலை செய்கிறார். "இன்னாம்மா ஒனக்கு, சொல்லேன்." காரும் சொல்லவில்லை.

"அம்பாசடருன்னா கண்ண மூடிக்கினு சொல்லிடுவேன். இதுல கார்பரேட்டரே இல்லீங்க. நெருப்பு வருது, பெட்ரோல் வருது. ஸ்டார்ட் ஆயி ஆயி சாவுது" என்றவர், என் முகத்தைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அது அவர் தொழில் பேச்சு.

அதே சத்தம்தான். உயிர் வந்து, உயிர் போய். இன்று சாவி சேட்டு கையில். கை மாறினாலும் நிற்கிறது, அதுவரைக்கும் தெரிந்தது.

மெட்ராசில் இந்த மாதிரி வண்டி பார்க்கிற ஒருவரைக் கேட்டுவிட்டு வருகிறாராம்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

எழுதிவிடுகிறேன்.

சேட்டு நேராகப் போய் இஞ்சின் பக்கத்திலிருந்த கறுப்புப் பெட்டியைக் கழற்றினார். காற்றை வடிகட்டுகிற இடம் அது. அதைத் தாண்டி உள்ளே ஒரு சின்னத் தகடு, கதவு மாதிரி. இஞ்சின் காற்றை இழுத்தால் அது திறக்கும். எவ்வளவு திறக்கிறதோ அவ்வளவு பெட்ரோல். திறக்காவிட்டால் பெட்ரோல் பம்பே ஓடாது. சாவியைத் திருப்பிப் பிடித்திருக்கும் வரைக்கும் ஓடும், விட்டால் நின்றுவிடும்.

விரலால் தள்ளிக் காட்டினார். நகரவில்லை.

"ஒட்டிக்கினு கீது பாருங்க. மூச்சு வுட முடியல வண்டியால. யாரு ஓட்டியிருந்தாலும் நின்னுதான் இருக்கும்."

அவர் அடுத்து சொல்வதற்கு முன்பே எனக்கு வாசனை வந்துவிட்டது. தறி எண்ணெய். இந்த வீட்டில் வாழ்க்கைப்பட்ட நாளிலிருந்து என் புடவையில் இருக்கிற வாசனை.

"யாரோ ஃபில்டர்ல எண்ணெய் வுட்டுக்கிறாங்க. அம்பாசடர்ல வுடுவோம், சரி. இது காயிதங்க. எண்ணெயும் தூசியும் உள்ள போயி பிசினாட்டம் ஆயிடுச்சு."

பெட்டியின் மூடியைத் திருப்பினார். உட்பக்கம் ஒரு சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். அகலமான, சப்பையான பொட்டு. என் வீட்டுக்காரர் கட்டைவிரல் சின்ன வயதில் தறியில் நசுங்கிப்போனது. அந்த மாதிரிப் பொட்டு உலகத்தில் வேறு யாருக்கும் வராது.

ஆயுத பூசை அன்றைக்கு எண்ணெய்க் கேனைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டால் எதையும் விடமாட்டார். தறி, தையல் மிஷின், சைக்கிள், டேபிள் ஃபேன், கிணற்று ராட்டினம். "மிஷினுன்னா எண்ணெய் கேக்கும்டி" என்பார். போன வருடம் புதிதாக ஒரு கார் வேறு.

ஆகஸ்ட் 5, திங்கள்

அவரேதான்.

ஆகஸ்ட் 7, புதன்

தறிக் கொட்டகைக்குப் போனேன். கோதண்டபாணி நூல் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான்.

"எண்ணெய் விஷயம் உனக்குத் தெரியுமா?"

முடிச்சை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தான். "ஆங். அன்னிக்கே ரோட்டுல பானெட்டைத் தொறந்ததும் வாசனை வந்துச்சு அண்ணி."

"எட்டு மாசமா ஏன்டா சொல்லல?"

"இன்னான்னு சொல்றது? உங்க மடியில படுத்துக்கினு இருந்தாரு. அப்புறம் செத்துட்டாரு. செத்தவரு மேலயா பழியப் போடச் சொல்றீங்க?"

"உன்னைக் கொலைகாரன்னு சொன்னாங்களே."

"அம்மா யாரையாவது சொல்லித்தானே ஆவணும்" என்றான். "என்னைச் சொல்லிட்டுப் போவட்டும்."

எனக்கு அவன்மேல் கோபம்தான் வந்தது. படுபாவி, என்னிடமாவது சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? அத்தனை நாள் இவன் முகத்தைப் பார்க்காமல் இரண்டு பேருக்கு மட்டும் சோறு வடித்தேனே. திரும்பி வரும்போது கோபம் வந்ததே ஆச்சரியமாக இருந்தது. எத்தனை மாதத்துக்கு அப்புறம் ஏதோ ஒன்று வருகிறது.

ஆகஸ்ட் 9, வெள்ளி

ஆடிக் கிருத்திகை. தெரு கொள்ளாமல் காவடி. நாங்கள் வருஷம் திரும்பாத வீடு, உள்ளேயே இருந்தோம். அத்தை வாசல் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு அரிசி பொறுக்கினாள்.

"அத்தை, வண்டியில ஒரு சாமான் கெட்டுப்போயிருந்துதாம். யார் ஓட்டினாலும் நின்னிருக்குமாம். மெக்கானிக் கழட்டிக் காட்டினாரு. தம்பி மேல தப்பு இல்ல."

கை நின்றது. "எதனால கெட்டுதாம்?"

"மிஷின்தானே அத்தை. கெட்டுது."

பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. அவள் மறுபடி அரிசி பொறுக்கினாள். வெளியே இரண்டு மூன்று காவடிக் கூட்டம் போய்விட்டது.

"அந்த ஓட்டல்ல இன்னாதான் துன்றான் அவன்?" என்றாள் அப்புறம்.

ஆகஸ்ட் 10, சனி

மூன்று இலை போட்டேன்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

தகட்டைத் துடைத்து ஓட்டிப் பார்த்ததில் இரண்டு நாளில் மறுபடி நின்றது. உள்ளே கம்பி படுகிற இடமும் போய்விட்டதாம். சேட்டு மெட்ராஸ் புதுப்பேட்டை பழைய சாமான் கடைகளில் அலைந்து ஏதோ உடைத்த வண்டியிலிருந்து அந்தக் காற்றுக் கதவை முழுசாகவே வாங்கிவந்தார். நான்கு ஆணி, ஒரு ஒயர். மாட்டினார். சாவியைத் திருப்பினான் கோதண்டபாணி. வந்தது. விட்டான். நின்றுவிடவில்லை.

அது ஓட ஓட அவன் ஸ்டீரிங்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். சேட்டு வெற்றிலை துப்ப ரொம்ப தூரம் போனார். நல்ல மனிதர்.

திரும்பி வந்து பெட்ரோல் துணியால் மூடியைத் துடைக்கப் போனார். "அதை வுட்டுடுங்க" என்றேன். என்னைப் பார்த்தார், பொட்டைப் பார்த்தார், அப்படியே மூடிவிட்டார்.

சாயங்காலம் திருவள்ளூர் வரைக்கும் போனோம். கனகம்மாசத்திரம் தாண்டியதும் தன்னாலேயே வேகத்தைக் குறைத்தான். "போ" என்றேன். போனான். திருவள்ளூரில் காபி குடித்தோம். சர்க்கரை அதிகம். குறைத்துப் போட்டு வேறு கொடுக்கச் சொன்னேன்.

செப்டம்பர் 12, வியாழன்

விசாவுக்கு நாள் முடிந்துபோய்விட்டது. அவனும் அதைப் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அத்தைக்கு அவன்தான் பல்பொடி வாங்கிவந்தான்.

அக்டோபர் 22, செவ்வாய்

ஆயுத பூசை. வருஷம் திரும்பவில்லை, பண்டிகை கிடையாது. ஆனாலும் சோறு போடுகிற தறிக்குப் பொட்டு வைக்காமல் விடக்கூடாது என்றாள் அத்தை. சந்தனக் கிண்ணமும் எண்ணெய்க் கேனும் எடுத்து அவளே கோதண்டபாணி கையில் கொடுத்தாள். "உங்க அண்ணன் மாதிரி ஒண்ணு விடாம போடணும்" என்றாள்.

ஒவ்வொரு தறியாகப் போட்டுக்கொண்டு போனான். தையல் மிஷின். சைக்கிள். ராட்டினம். கார் பக்கத்தில் வந்ததும் நின்று என்னைப் பார்த்தான். நான் கேனை வாங்கிக்கொண்டேன். பானெட்டின் மேலே மட்டும் ஒரு பொட்டு வைத்தான்.

"அதுக்கு ஏன்டி எண்ணெய் போடல?" அத்தை பின்னாலேயே நின்றிருக்கிறாள்.

"அது வேணாம் அத்தை. ஜப்பான் மிஷினு, எண்ணெய் கேக்காது."

அத்தை கிட்டே வந்து காரைத் தடவினாள். "கேக்குதோ கேக்கலியோ, எம் பெரிய புள்ள துளசிங்கம் இருந்தா இதுக்கும் போட்டுதான் இருப்பான்."

கோதண்டபாணி தலையைக் குனிந்துகொண்டான்.

"ஆங் அத்தை" என்றேன். "போட்டுதான் இருப்பார்."

அதற்குமேல் என்னால் நிற்க முடியவில்லை. கேனோடு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.