பழுதான விளையாட்டு

அன்புத் தங்கச்சி,

மறதி நோய் பிடித்த அம்மாவைக் கவனித்துக் கவனித்து நான் உடம்பைக் கெடுத்துக்கொள்கிறேன் என்று டிவியில் பார்த்து ஆடும் உடற்பயிற்சி விளையாட்டு ஒன்று அனுப்பினாயே, அது பழுதாகிவிட்டது. வேறொன்றும் இல்லை, பயப்படாதே.

இன்று டிவி முன்னால் போய் நின்றதும், "இன்றைய ஆட்டத்தை முடித்துவிட்டீர்கள்" என்றது. நான் ஆடவே இல்லை. அம்மாவோ நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டாள்.

"யாரும்மா ஆடினது?" என்று சும்மா கேட்டேன்.

"நீதான்டி. இப்பதானே அந்தக் குதி குதிச்சே!"

என்னையே யாரென்று கேட்பவள் பேச்சை எப்படி நம்புவது? ஆனால் என் முதுகெல்லாம் வியர்த்து, சட்டை ஒட்டிக்கொண்டிருந்தது.

அம்மா என் கையைத் தடவினாள். தினமும் நான் அவளிடம் பேசும் அதே குரலில், "பரவால்ல கண்ணு, மறந்துட்டே, அவ்வளவுதான்" என்றாள்.

சீக்கிரம் வேறொன்று அனுப்பு. கோளாறு அதில்தான்.

உன் அக்கா