ஊற்றில் தொங்கிய காலணி

என்னவருக்கு,

மரியன்பாடில் உங்கள் தூண்கள் எழும்பிவிட்டனவா? இங்கே கார்ல்ஸ்பாடில் வெந்நீர் ஊற்று மண்டபத்துக்குக் கூரை போட்டாயிற்று. விருந்தாளிகள் மூக்கு வைத்த கோப்பையில் ஊற்று நீரை உறிஞ்சியபடி நனையாமல் உலாவுகிறார்கள்.

"துணி மக்கிடும்டி, கல்லானா என்னைக்கும் இருக்கும்" என்று நம் குழந்தை ரேசி சாகுமுன் கடைசியாகப் போட்ட காலணிகளில் ஒன்றை, எதன்மேலும் கல் படியவைக்கும் இந்த ஊற்றில் தொங்கவிட்டுப் போனீர்கள். விற்பனைக்குக் கல்லாக்கும் காகித ரோஜாக்களோடு அதையும் ஊற்றில் வேலை செய்யும் வால்பூர்கா இன்று எடுத்துத் தந்தாள்.

"ஒம் புருஷன் செதுக்குறத விட அழகா இருக்குடி" என்று சிரிக்கப் பார்த்தாள்.

அழகுதான். நாடா முடிச்சுகூடத் தெரிகிறது.

முன்பெல்லாம் நீங்கள் வேலைக்குப் போனதும் அதற்குள் விரல் விட்டு, அவள் குதிகால் பதிந்த பள்ளத்தைத் தடவிக்கொண்டிருப்பேன். உங்களிடம் சொன்னதில்லை. இப்போது உள்ளேயும் கல் நிரம்பிவிட்டது.

மற்றக் காலணியையும் தொங்கவிடச் சொல்லி எழுதியிருக்கிறீர்கள். மாட்டேன். மக்கினால் மக்கட்டும். அதுவரை என் விரல் உள்ளே போகும்.

உங்கள் மனைவி